சம்மதமும் அதிகாரமும்: ஒரு நாடகம் பற்றிய குறிப்பு

நோயாளரின் சம்மதம் பெரும்பாலும் மருத்துவ ஒழுக்கவியலின் பொருளாகவே கருதப்படுகிறது. அது அதிகாரம் பற்றிய வினாவுமாகும் என்பதைப் பிரித்தானிய நாடகாசிரியர் பிறயன் கிளார்க்கின் 'ஹூஸ் லைஃப் இஸ் இற் எனிவே' ('இது யாருடைய உயிர்') என்னும் நாடகம் உணர்த்துகின்றது. 1972இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, 1978இல் லண்டனில் மேடையேறிய இந்நாடகத்தின் நாயகன் கென் ஹரிசன் ஒரு சிற்பி. வாகன விபத்தினால் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த அவன், மரணம் நிச்சயமென அறிந்தே, தன்னை வைத்தியசாலையிலிருந்து விடுவிக்குமாறு கோருகிறான்.

அவன் மறுத்த அமைதியூட்டும் மருந்தை வைத்தியர் எமர்சன் ஊசிமூலம் ஏற்றிவிடும் காட்சி முக்கியமானது. எமர்சன் கொடியவரல்லர், கடமையுணர்வு மிக்கவர். எனவே தவறு அவரது குணத்திலன்று, வைத்தியருக்கும் நோயாளருக்குமிடையே நிறுவனம் வகுத்துள்ள உறவிலேயே உள்ளது. அவ்வுறவின் தர்க்கமும் வட்டமாகச் சுழல்வது: இறக்க விரும்புவோன் மனச்சோர்வுற்றவன், மனச்சோர்வுற்றவன் தீர்மானிக்கும் ஆற்றலற்றவன், ஆதலால் அவன் விருப்பம் செல்லாது. ஆட்கொணர்வு மனுவை வைத்தியசாலையிலேயே விசாரிக்கும் நீதிபதி கென்னின் ஆற்றலை ஏற்றுத் தீர்ப்பளிக்கையில் இவ்வட்டம் உடைகிறது.

ஆயினும் கென் எதனால் வெல்கிறான்? வாதத்திறன், கல்வி, சட்டத்தரணியின் துணை ஆகியன அவனுக்கு வாய்த்துள்ளன. இவை வாய்க்காத தொழிலாளியின் மறுப்பு அறியாமையென்றே பதிவுசெய்யப்படும். நாடகத்திலே சிற்றூழியனான ஜோன், கென்னை உயிருடன் வைத்திருக்கப் பெருந்தொகை செலவாகையில், ஆபிரிக்கக் குழந்தைகள் சிறுதொகையின்றிச் சின்னமுத்து நோயினால் மடிவதைச் சுட்டுகிறான். நாடகத்தின் சமூக உள்ளடக்கம் இங்கே கண்திறக்கிறது. ஆசிரியரோ அதனைத் தொடராது தனிமனிதனின் வழக்குக்கே திரும்பிவிடுகிறார்.

இக்குறையைக் காட்டிச் சம்மத உரிமையையே முதலாளித்துவத் தனிமனிதவாதமென ஒதுக்கும் முற்போக்காளருடன் நாம் உடன்படுவதற்கில்லை. அதிகாரமற்றோருக்கே அவ்வுரிமை அதிகம் வேண்டப்படுவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்த 2005ஆம் ஆண்டின் உளத்தகைமைச் சட்டம், விவேகமற்ற தீர்மானம் ஒன்றை எடுத்தமையால் மட்டும் ஒருவரை ஆற்றலற்றவராகக் கொள்ளலாகாது என்கிறது. தீர்மானிப்பதற்கு இயன்ற உதவிகள் யாவும் அளித்துப் பயனற்றுப்போன பின்னரே அம்முடிவுக்கு வரலாமென்றும் விதிக்கின்றது. ஆற்றல் பிறவிச்சொத்தன்று, விளக்கமும் நேரமும் துணையும் கிடைக்குமிடத்து வளர்வது என்னும் உண்மை இவ்விதியில் அடங்கியுள்ளது. அவற்றை யார் பெறுகின்றனர், யார் பெறுவதில்லை என்பதே கிளார்க் எழுப்பாது விட்ட வினா. அதனை எழுப்புவது விமர்சகரின் கடன்.