பொழிலும் பூங்காவும்

மணிமேகலையைப் பௌத்தக் காப்பியம் என்று படித்தாயிற்று. பசியைப் பேசும் காப்பியம் என்றும் படித்தாயிற்று. எங்க ஊர்ல ஒரு பொதுவிடம் உண்டான கதையும் அதற்குள்ளே இருக்கு.

கச்சிமாநகர் புக்க காதையில் காஞ்சி மழையின்றி வாடுகிறது. மணிபல்லவத்தில் இருப்பதுபோல் பொய்கையும் பொழிலும் இங்கே அமைக்கச் சொல்கிறது ஒரு தெய்வம். இளங்கிள்ளி அமைக்கிறான். அமுதசுரபியைத் தேடிப் பதினெட்டு மொழி பேசுவோர் வருகிறார்கள். பார்வையற்றவர், காது கேளாதவர், கால் முடமானவர் எல்லோரும் வருகிறார்கள். நீ யார் என்று எவரும் மறிக்கவில்லை.

என்னை மறித்தார்கள். அப்போ பத்து வயசு, தறியில் எடுபிடி. ஒரு சாயங்காலம் பூங்கா வாசலில் காவலாளி கேட்டார்: "நீ எந்தத் தெருடா?" தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. ஊஞ்சல் காலியாத்தான் ஆடிக்கிட்டிருந்தது.

ஆனாலும் அந்தப் பொழிலை அப்படியே கொண்டாட என்னால் முடியாது. எளியவர் அங்கே சோற்றுக்காகத்தான் வருகிறார். சும்மா உட்கார்ந்து சிரிக்க அல்ல. அது ஈகை. உரிமை வேறு. பொதுச்சாலை, கிணறு, குளம், மக்கள் கூடும் இடம் எதையும் ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கக்கூடாது என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். 1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதை நாடு முழுமைக்கும் உறுதி செய்தது.

பூங்கா நிர்வாகம்னா நமக்குப் புல்லும் வேலியும் கட்டணமும்தான். காப்பியப் பொழிலுக்குச் சீட்டு கிடையாது. 2010இல் சென்னையில் திறந்த செம்மொழிப் பூங்காவுக்குச் சீட்டு வைத்தார்கள். நிழல், தண்ணீர், கழிப்பறை எல்லாம் வேண்டும்தான். அதற்கும் முன்னால் ஒன்று பாருங்கள்: தெருப்பேர் சொல்லாமல் ஒரு சேரிப்பிள்ளை ஊஞ்சலில் ஏற முடிகிறதா?