நாகூர்க் குரலும் சேர்ப்பிசையும்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, புதுவை, காரைக்கால், நாகூர் என நம் கரையெங்கும் உயிர்களை வாரிச் சென்றது. அலை மோதிய கரைகளின் பாட்டைத் தேடிச் சென்று பதிவு செய்தது சென்னையின் எர்த்சிங்க் நிறுவனம். இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மியன்மா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய ஆறு நாடுகளின் பாடகர்கள் தத்தம் ஊரிலேயே பாட, அவற்றின்மேல் புத்திசை சேர்த்து ‘லயா புராஜெக்ட்’ 2007-இல் வெளிவந்தது. அதில் நாகூர்ப் பாடகர்களின் ‘யா அல்லாஹ்’ ஒன்று. பின்னர் அப்துல் கனி, அஜா மைதீன், சபுர்மைதீன் பாபா சபீர் ஆகிய மூவருக்கென்றே ‘நாகூர் செஷன்ஸ்’ என்னும் தனித்தொகுப்பும் வந்தது.

கந்தூரிக்கு நாகூர் செல்லும் புதுவைக் குடும்பங்களுக்கு இவ்வகைக் குரல்கள் புதியன அல்ல. அவற்றை உலகோர் செவிக்குக் கொண்டு சென்றதும், பாடியவர் பெயராலேயே தொகுப்பை வெளியிட்டதும் பாராட்டத்தக்கன. உலக இசை என்ற பெயரில் ஊர் பேரற்ற நாட்டுப் பாடகராக்கப்பட்டோர் எத்தனை பேர்!

ஆயினும் நமக்கொரு குறை உண்டு. கருவியிசை கூடுமா, கூடாதா என்பதன்று அது. அவ்வழக்கை ஆலிம்கள் பேசட்டும். நாகூர் இ. எம். ஹனீபாவின் பாடல்களிலும் பக்கவாத்தியங்கள் முழங்கின. ஆனால் சொல் முன்னே நடந்தது, கருவி பின்னே வந்தது. எழுத்தறியாத பாட்டிமாரும் அச்சொற்களை மனனம் செய்து பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ‘யா அல்லாஹ்’ உருக்கமாகவே தொடங்குகிறது. தாளம் ஏற ஏறச் செவி தாளத்தின் பின்னே போய்விடுகிறது. முனாஜாத்து என்பது அடியான் இறைவனிடம் வைக்கும் விண்ணப்பமன்றோ? அழைத்த பின் கேட்பது என்ன என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. தமிழறியாதார்க்கு அது வெறும் ஒலியாகலாம். நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே ஆகிவிடலாகாது.

கவ்வாலி மேதை நுஸ்ரத் பதேஹ் அலி கானுக்கும் இச்சிக்கல் நேர்ந்தது. 1990-இல் வெளிவந்த ‘மஸ்த் மஸ்த்’ தொகுப்பில் மைக்கேல் புரூக் பதிவுகளை வெட்டி ஒட்டியபோது, சில இடங்களில் சொற்றொடர் பாதியில் முறிந்து பொருள் கெட்டது. நுஸ்ரத் அதனை ஏற்கவில்லை. புரூக்கே இதனைக் கூறியிருக்கிறார். மேலைநாட்டுக் கருவிகளோடு மனமுவந்து பாடியவர், சொல் சிதைந்த இடத்தில் மட்டும் மறுத்தார். நாம் கேட்பதும் அவ்வளவே.

நம் ஊரில் ஜூன் 21 இசைநாளன்று பன்னாட்டு இசையையும் இளைஞர் விரும்பிக் கேட்கின்றனர், கேட்கட்டும். நாகூர்ப் பதிவுகளை வைத்திருப்போர், சேர்ப்பிசையற்ற மூலக்குரலை, பாடல் வரிகளை அச்சிட்ட சிறு நூலோடு ஒருமுறை வெளியிட வேண்டும். வரிகளைக் கேட்டுப் பிழையற எழுதித்தர, காஜியார் தெருப் பக்கம் விசாரித்தாலே முதியவர்கள் கிடைப்பார்கள்.