குறிப்பு யாருக்கு?

கோடோ கேம் என்ஜினின் நான்காம் பதிப்பு இலவசம், திறந்த மூலம், பழைய மடிக்கணினியிலும் சிறிய 2டி கேமை ஓட்டிவிடும். இதெல்லாம் தெரிந்த சங்கதி. வாரக்கணக்கில் பாவித்த பிறகு எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழியில் குறிப்பு, அதாவது கொமண்ட், எழுதும் முறைதான். ஒரு # போட்டால் வரியின் மீதியை என்ஜின் கவனிக்காது. அது கோட் எழுதுபவர் தனக்கு வைக்கும் குறிப்பு. ஒரு மாறிக்கு நேர் மேலே ## போட்டு எழுதினாலோ, அதே வரி எடிட்டரின் உதவிப் பக்கத்தில் விளக்கமாகிவிடும். எக்ஸ்போர்ட் செய்த மாறியென்றால், மதிப்புகளை மாற்றும் இன்ஸ்பெக்டர் பலகத்தில் அதன் பெயர்மேல் மவுஸை வைத்தாலே போதும்.

கொழும்பு மட்டக்குளியில் ஒரே தெருவில் தமிழ், சிங்கள, ஆங்கில மொழிமூலங்களில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து ஒரு கேம் செய்தால் கட்டளைச் சொற்கள் எப்படியும் ஆங்கிலம்தான். ஆனால் குதிக்கும் வேகம் 400ஐத் தாண்டினால் பாத்திரம் கூரைக்குள் சிக்கும் என்ற காரணம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டியதில்லை. படம் கீறும் பிள்ளை கோட்டைத் திறக்கவே மாட்டாள். எண்ணை மாற்றப் போகும் இடத்திலேயே தமிழில் அதை வாசித்துவிடுவாள். மூன்றாம் பதிப்பில் தமிழே சரியாகத் தெரியவில்லை. எடிட்டருக்குள் தமிழ் எழுத்துரு இருந்தும் எழுத்துக்களைச் சேர்த்துக் காட்டும் ஏற்பாடு இல்லாததால், ‘கொ’வின் கொம்பு இடம் மாறி விழுந்தது. 2023 மார்ச்சில் வந்த 4.0 ஹார்ஃப்பஸ் நிரலகத்தைச் சேர்த்து அதைச் சரிசெய்தது. தமிழுக்கு மட்டுமல்ல, சிங்களத்துக்கும்தான்.

நல்ல பெயர் வைத்தால் குறிப்பே தேவையில்லை என்பார்கள். பெயர் அந்த எண் எதற்கென்று சொல்லும். ஏன் 400, ஏன் 450 இல்லை என்பதைச் சொல்லாது. பல வரிகளை ஒரேயடியாகக் குறிப்பாக்கி மூட சீ மொழியில் உள்ளதுபோன்ற குறி இல்லையே என்பது இன்னொரு குறை. எனக்கு அது குறையாகப் படவில்லை. வரிகளைத் தெரிவுசெய்து கன்ட்ரோல்-கே அழுத்தினால் ஒவ்வொன்றின் முன்னும் # வந்துவிடும். மூடிய வரி எதுவென்று கண்ணுக்குத் தெரியும். சிலர் இதற்கு மூன்று மேற்கோள்குறிகளைப் பாவிக்கிறார்கள். அது குறிப்பே அல்ல, யாரும் பயன்படுத்தாத ஒரு சரம். பழக்குபவர்கள் தயவுசெய்து இதைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டாம்.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது வேறு. ## வரிக்கும் மாறிக்கும் இடையில் ஒரு வெற்று வரி விட்டால் விளக்கம் மாறியோடு ஒட்டாது, எச்சரிக்கையும் வராது. புதிதாகப் பழகும் பிள்ளை, தான் எழுதியது எங்கே போனதென்று தேடிக் களைத்துவிடும். டூடூ, ஃபிக்ஸ்மீ போன்ற சொற்களைக் குறிப்புக்குள் நிறம் மாற்றிக் காட்டுவது நல்ல ஏற்பாடுதான், ஆனால் கூடவே வரும் பட்டியல் முழுக்க ஆங்கிலம்.

எழுதியவரையும் கூட்டாளியையும் தவிர இன்னொருவரும் இதை வாசிக்கக்கூடும்: கேமை விளையாடுபவர். 4.0 முதல் 4.2 வரை ஸ்கிரிப்ட்டுகள் வெறும் எழுத்தாகவே கேமோடு போயின, குறிப்புகளும் கூடவே போயின. பொதியைப் பிரிக்கத் தெரிந்த எவரும் வாசிக்கலாம். 2024 ஆகஸ்ட்டில் வந்த 4.3, ஸ்கிரிப்ட்டை இரும வடிவாக்கி அனுப்புகிறது. அதில் குறிப்புகள் இருப்பதில்லை. 4.2இல் நிற்பவர்கள், கேமை வெளியே கொடுக்குமுன் மாறிவிடுங்கள்.