‘பொருத்தம் இல்லை’ என்னும் விடை: பைத்தான் தேடல் வாய்பாடுகளும் தமிழ் எழுத்திலக்கணமும்

ஆய்வுச்சுருக்கம்

பைத்தான் நிரல்மொழியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொண்டு தமிழ்ப் பனுவல்களில் தேடும்போது, கண்ணெதிரே உள்ள சொல்லும் அகப்படாமற் போவதுண்டு. இத்தவறு பிழைச்செய்தி எதனையும் தருவதில்லை. ‘இல்லை’ என்னும் விடையாகவே வந்து சேர்கிறது. அவ்விடையை நூலின் இயல்பாகக் கொண்டால் ஆய்வு பிழைபடும். பொருத்தம் தவறுவதற்கான காரணங்களை நிரல்மொழி, குறியேற்றம், இலக்கணம் என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது. தேடிய வாய்பாட்டையும் ஆய்வுச் சான்றாக வெளியிட வேண்டும் என வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: ரெகுலர் எக்ஸ்பிரஷன், பைத்தான், ஒருங்குறி, எழுத்து, புணர்ச்சி, சொல்லடைவு

முன்னுரை

ஒரு சொல் ஒரு நூலில் எத்தனை இடங்களில் பயில்கிறது என்னும் வினாவுக்கு அச்சிட்ட சொல்லடைவுகளைப் புரட்டி விடை கண்ட காலம் மாறிவருகிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் தமிழ் நூல்கள் மின்வடிவில் கிடைக்கின்றன. சில வரி நிரலைக் கொண்டு அவற்றில் தேட முடிகிறது. அத்தேடலின் முதன்மைக் கருவி ரெகுலர் எக்ஸ்பிரஷன். 1950களில் கணிதவியலர் ஸ்டீபன் கிளீனி வகுத்த கோட்பாட்டில் பிறந்து, 1968-இல் கென் தாம்சன் வெளியிட்ட தேடல் வழிமுறையின் வாயிலாகக் கணினிக் கருவிகளுள் அது இடம்பெற்றது. எழுத்துகள் எவ்வரிசையில் அமைய வேண்டும் என்பதைக் குறிகளால் சுட்டும் தொடர் அது. சீரின் அமைப்பைத் தேமா, புளிமா என வாய்பாட்டால் சுட்டும் மரபு தமிழுக்கு உரியதாகலின், இக்கட்டுரையில் அது ‘வாய்பாடு’ என்றே வழங்கப்படுகிறது.

வாய்பாடு தவறாக எழுதப்பட்டால் நிரல் நின்றுவிடுவதில்லை. அடைப்புக்குறி மூடப்படாமை போன்ற வடிவப் பிழைகளுக்கே பைத்தான் எச்சரிக்கை தரும். வடிவத்தில் சரியாகவும் பொருளில் தவறாகவும் உள்ள வாய்பாடு, பொருத்தம் எதுவும் இல்லை என்னும் விடையை அமைதியாகத் தந்துவிடும். ‘இச்சொல் இந்நூலில் பயிலவில்லை’ என்று ஆய்வாளர் எழுதுவதற்கு அவ்விடையே ஆதாரமாகிவிட்டால், கருவியின் குறை நூலின் இயல்பாகப் பதிவாகிறது. அதன்மேல் காலக்கணிப்பும் ஆசிரியர் பற்றிய முடிவும் எழக்கூடும். எனவே பொருத்தம் தவறுவதை நிரலாளர்களின் சிக்கல் என்று ஒதுக்கிவிட இயலாது.

நிரல்மொழி நிலை

முதல் நிலைப் பிழைகள் எம்மொழிப் பனுவலுக்கும் பொதுவானவை. பைத்தானில் ‘மேட்ச்’ என்னும் செயற்கூறு பனுவலின் தொடக்கத்தில் மட்டுமே பொருத்தம் பார்க்கும். எவ்விடத்தும் தேட ‘சர்ச்’ என்பதையே அழைக்க வேண்டும். அடியின் தொடக்கத்தைச் சுட்டும் கூரைக்குறி, ‘மல்டிலைன்’ என்னும் தேர்வு இல்லாதபோது முழுப் பனுவலின் தொடக்கத்தையே குறிக்கும். நூறு அடிகள் இருப்பினும் முதலடி மட்டுமே ஆராயப்படும். பின்சாய்கோட்டையடுத்து ‘பி’ எழுதி அமைக்கும் எல்லைக்குறியை, மேற்கோளுக்கு முன் ‘ஆர்’ இடாமல் எழுதினால், பைத்தான் அதனைப் பேக்ஸ்பேஸ் விசைக்குரிய குறியாகக் கொள்ளும். அக்குறி எந்நூலிலும் இராது. சில கோப்புகளின் தலையில் கண்ணுக்குப் புலப்படாத வரிசைக்குறி ஒன்று நிற்பதால் முதற்சொல் மட்டும் அகப்படாமற் போவதும் உண்டு. இவற்றை நிரல் நூல்களின் துணையால் களையலாம். அடுத்த இரு நிலைகளுக்குத் தமிழறிவு தேவை.

குறியேற்ற நிலை: ‘சொல்’ என்பது யாது?

1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அம்முறையில் ‘கி’ என்பது ககரக் குறியும் இகரத் துணைக்குறியும் ஆகிய இரண்டு. ‘க்’ என்பது ககரக் குறியும் புள்ளியும் ஆகிய இரண்டு. ‘க’ மட்டுமே ஒன்று. மெய்யை அடிப்படையாகக் கொண்டு, உயிர் ஏறியதை உயிர்மெய் என்பது நம் இலக்கணம். அகரம் ஏறிய வடிவை அடிப்படையாகக் கொண்டு, மெய்யைப் புள்ளி சேர்ந்த கூட்டாகக் கொள்வது ஒருங்குறி.

பைத்தான் 3-இல் உள்ளமைந்த ‘ரீ’ தொகுதி, துணைக்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்புகளாக ஏற்பதில்லை. பின்சாய்கோட்டையடுத்து ‘டபிள்யூ’ எழுதி அமைக்கும் சொற்குறியால் ‘தமிழ் மொழி’ என்னும் தொடரைப் பிரித்தால், ‘தம’, ‘ழ’, ‘ம’, ‘ழ’ என நான்கு ‘சொற்கள்’ கிடைக்கின்றன. இவ்வெண்ணிக்கையை நம்பிச் சொல்வளம் கணக்கிட்டால் ஒவ்வொரு விழுக்காடும் பிழையாகும்.

எல்லைக்குறியின் நிலை இன்னும் வியப்பிற்குரியது. ‘தமிழ்’ என்னும் சொல்லின் இருபுறமும் எல்லைக்குறி இட்டு, ‘தமிழ் மொழி’ என்னும் தொடரில் தேடினால் பொருத்தம் இல்லை. புள்ளியும் அதன்பின் வரும் இடைவெளியும் ஆகிய இரண்டுமே சொல்லுறுப்பு அல்ல எனக் கருதப்படுவதால் அங்கே எல்லை அமைவதில்லை. அதே வாய்பாட்டைக் கொண்டு ‘தமிழ்நாடு’, ‘செந்தமிழ்நாடு’ என்பவற்றில் தேடினால் பொருத்தம் உண்டு. தனிச்சொல்லாக நிற்குமிடத்தில் இல்லை என்றும், பெரிய சொல்லின் உறுப்பாக நிற்குமிடத்தில் உண்டு என்றும் விடை வருகிறது. ஆய்வாளர் எதைத் தவிர்க்க எல்லைக்குறி இட்டாரோ அதுவே கிடைக்கிறது.

இது தமிழின் குறையன்று. ஒருங்குறியின் குறையும் அன்று. ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு ஒருங்குறி அமைப்பு வெளியிட்டுள்ள 18-ஆம் தொழில்நுட்பத் தரம் இத்தகைய குறிகளையும் சொல்லுறுப்பாகக் கொள்ளுமாறு கூறுகிறது. அதனைப் பின்பற்றும் ‘ரெகெக்ஸ்’ என்னும் புறத்தொகுதியும் பைத்தானுக்கு உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்16 முறை இருந்திருப்பின் இச்சிக்கல் எழாது என்பார் உளர். அம்முறையின் எண்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தவை. பைத்தானின் சொற்குறி அப்பகுதியின் எக்குறியையும் ஏற்பதில்லை. ஆகவே அங்குத் தமிழ்ச்சொல் துண்டாகவும் கிடைக்காது.

உள்ளமைந்த தொகுதியிலேயே இதற்குத் தீர்வு காணலாம். எல்லைக்குறியைக் கைவிட்டு, சொல்லின் முன்னும் பின்னும் தமிழ்க்குறி எதுவும் வாராமையை நேரே எழுதிவிடலாம்:

(?<![ஃ-௺])தமிழ்(?![ஃ-௺])

இதில் சதுர அடைப்பில் உள்ள வீச்சு ஆய்தம் தொடங்கித் தமிழ் எண்குறிகள் வரை, துணைக்குறிகளையும் புள்ளியையும் உள்ளடக்கியது.

வீச்சும் நெடுங்கணக்கும்

வீச்சை எழுதுவதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘அ முதல் ஹ வரை’ என எழுதினால் தமிழெழுத்து அனைத்தும் அடங்கும் எனத் தோன்றும். உண்மையில் துணைக்குறிகளும் புள்ளியும் ஹகரத்திற்குப் பின் நிற்கின்றன; ஆய்தமோ அகரத்திற்கு முன் நிற்கிறது. இவை யாவும் விடுபடும். இடையின மெய்களைத் தேட விரும்பி ‘ய முதல் ள வரை’ என எழுதினால் ய, ர, ற, ல, ள என்பன கிடைக்கும்: வல்லின றகரம் புகுந்துவிட, வகரமும் ழகரமும் வெளியே நின்றுவிடும். வீச்சு பின்பற்றுவது குறியெண் வரிசையை. நாம் மனத்தில் கொண்டிருப்பது நெடுங்கணக்கை.

யாப்பாய்வில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. வாய்பாட்டில் ‘ஏதேனும் ஒரு குறி’ என்பதை முற்றுப்புள்ளி சுட்டும். இரு முற்றுப்புள்ளிகள் கொண்ட வாய்பாடு ‘கல’ என்பதற்கும் பொருந்தும், ‘கா’ என்பதற்கும் பொருந்தும். முன்னது குறிலிணை, நிரையசை. பின்னது தனிநெடில், நேரசை. அசை வேறுபாட்டை அறியாத வாய்பாட்டால் தளை காண்பது எங்ஙனம்? அகர ஈற்றுச் சொற்களைத் தேடுவோர்க்கும் இதுவே நிலை. அகரத்திற்குத் துணைக்குறி இல்லை. ஆகவே, மெய்வரிசைக் குறியை அடுத்துத் துணைக்குறியும் புள்ளியும் வாராமை என எதிர்மறையாகவே அதனைத் தேட வேண்டும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

‘கொ’ என்பதன் ஒகரத் துணைக்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைத்தான் இரண்டையும் வெவ்வேறாகவே ஒப்பிடும். பனுவலையும் வாய்பாட்டையும் ‘என்எஃப்சி’ என்னும் இயல்பாக்க வடிவுக்கு மாற்றினால் இவ்வேறுபாடு நீங்கும்.

இயல்பாக்கத்தால் நீங்காதவையும் உள. ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமும் இட்டு ‘ஒளவை’ எனத் தட்டச்சு செய்யும் வழக்கம் பரவலானது. கணினிக்கு அது வேறு சொல். ‘கௌ’ என்பதும் ‘கெள’ என்பதும் அவ்வாறே. ஒளகர இணை அனைத்தையும் ஔகாரமாக மாற்றிவிடுவோம் என முனைந்தால் ‘ஒளி’ சிதையும். ளகரத்தையடுத்துத் துணைக்குறியோ புள்ளியோ வாராத இடங்களை மட்டும் தெரிந்து, பின் கண்ணாலும் சரிபார்க்க வேண்டும். ஸ்ரீ என்பதன் முதற்குறி இருவேறு கிரந்த எழுத்துகளுள் எதுவாகவும் இருக்கலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒன்றுபோலவே காட்டுகின்றன.

ஏட்டுச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை; எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ஒரு வடிவம் இரண்டு எழுத்துக்கு நின்றது. இன்றைய மின்பனுவலில் இரண்டு குறித்தொடர்கள் ஒரே வடிவாய் நிற்கின்றன. முன்னதில் படிப்பவர் ஐயுற்று ஆராய்ந்தார். பின்னதில் ஐயுற வேண்டும் என்பதே தோன்றுவதில்லை.

இலக்கண நிலை

மேற்காட்டிய குறைகளைக் களைந்த வாய்பாடும் ‘தமிழ்ச் சங்கம்’ என்பதில் தோற்கும். வல்லொற்று மிக்கதே காரணம். அதற்கு இடமளித்து இவ்வாறு எழுதலாம்:

(?<![ஃ-௺])தமிழ்(?:க்|ச்|த்|ப்)?(?![ஃ-௺])

இதுவும் ‘தமிழின்’, ‘தமிழால்’ என்பவற்றைக் காணாது. மெய்யீற்றின்மேல் உயிர் வந்து ஏறும்போது புள்ளி மறைந்து துணைக்குறி வந்துவிடுகிறது. ஒலியில் இயல்பாக நிகழும் புணர்ச்சி, குறிநிலையில் ஈற்றுக்குறியின் அழிவாகிறது. மகர ஈற்றுச் சொற்களில் திரிபு இன்னும் மிகுதி: ‘மரம்’ எனத் தேடுவோர் ‘மரத்தை’ என்பதை இழப்பர். ‘காடு’ எனத் தேடுவோர் ‘காட்டில்’ என்பதை இழப்பர். செய்யுளில் வகையுளியும் சேர்ந்துகொள்கிறது. சீர்நோக்கிப் பிரித்து அச்சிடப்பட்ட அடியில் ஒரு சொல்லின் நடுவே இடைவெளி விழுந்திருக்கலாம். இடைவெளிக்கு இடமளிக்காத வாய்பாடு அச்சொல்லைக் கடந்து போய்விடும்.

இந்நிலையில் தேடல் என்பது புணர்ச்சி விதிகளை வாய்பாடாக மாற்றி எழுதும் பணியாகிறது. எவ்விதிகளை எழுதினோம், எவற்றை விட்டோம் என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை அமையும். ஆகவே ‘இத்தனை முறை பயில்கிறது’ என்னும் கூற்று, வாய்பாட்டைக் காட்டாதவரை முழுமையுறாத கூற்றேயாகும்.

முடிவுரை

1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் முதலியோர் ஏட்டுப் படிகளை ஒப்புநோக்கியே பாடங்களைத் தீர்மானித்தனர். எப்படிகளைக் கொண்டு இப்பாடம் கொள்ளப்பட்டது என்னும் வினாவுக்கு விடை கூறுதல் பதிப்பாசிரியரின் கடமை என்பது அம்மரபால் நிலைபெற்றது. எண்ணிக்கையை மட்டும் அட்டவணையில் தந்து, தேடிய முறையை மறைத்துவிடும் ஆய்வு அம்மரபினின்றும் விலகுகிறது. பிறர் அதனை மீளச் செய்துபார்க்கவும் வழியில்லை.

கணினித் தேடலை ஆதாரமாகக் கொள்ளும் தமிழாய்வுகள் மூன்றனை வெளியிடுதல் வேண்டும்: எந்த மின்பனுவல், எவ்வகை இயல்பாக்கத்திற்குப்பின் கொள்ளப்பட்டது என்பது ஒன்று, தேடிய வாய்பாடு எழுத்துக்கு எழுத்து அவ்வாறே தரப்படுதல் இரண்டு, அவ்வாய்பாடு எவ்வடிவங்களில் சோதிக்கப்பட்டது என்பது மூன்று. மூன்றாவது எளிதாயினும் இன்றியமையாதது. அச்சொல் தனித்தும், ஒற்று மிக்கும், உருபேற்றும் வரும் சில அடிகளைக் கையால் தெரிந்தெடுத்து, முதலில் அவற்றின்மீது வாய்பாட்டை இயக்கிப் பார்க்க வேண்டும். கண்ணறிந்த இடத்தில் பொருந்தாத வாய்பாடு, கண்ணறியாத இடத்தில் தரும் ‘இல்லை’ என்னும் விடைக்கு மதிப்பில்லை. சோதனையில் தேறிய வாய்பாடும் ‘இல்லை’ எனுமாயின், அதன்பின்னரே அதனை நூல்பற்றிய செய்தியாகக் கொள்ளத் தொடங்கலாம்.