மூடிய கத்திக்குள் ஒரு நகரம்

ஒரு நல்ல மடக்குக்கத்தியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்க வேண்டும். அலகின் பக்கத்தில் வெட்டியிருக்கும் நகக்குழியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து மெல்ல எழுப்புங்கள். முதலில் சிறு எதிர்ப்பு, அப்புறம் வழுக்கிக்கொண்டு ஓர் ஓட்டம், கடைசியில் 'டக்'கென்று ஓர் ஒலி. தாளக்காரர் சமத்தில் வந்து இறங்குவதைப் போல ஐயத்துக்கு இடமில்லாத ஒலி அது. சேகரிப்பவர்கள் இதைக் கத்தியின் நடை என்றும் பேச்சு என்றும் சொல்வார்கள். அலகு ஓடும் விதம் நடை, வந்து நிற்கும்போது எழும் ஒலி பேச்சு. விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் செய்த கத்திகளில் பல இன்றைக்கும் திருத்தமாகப் பேசுகின்றன.

அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால் கத்தியின் முதுகில் இருக்கும் எஃகுப் பட்டைக்கு வந்து சேர்வோம். அதுதான் வில். அலகின் அடிப்பகுதி கைப்பிடிக்குள் ஓர் ஆணியில் சுழல்கிறது. அந்த அடியை வட்டமாக விட்டுவிடாமல் பட்டை பட்டையாக அராவியிருப்பார்கள். அலகு மூடியிருக்கும்போது வில்லின் நுனி ஒரு பட்டையில் அழுந்திக் கிடக்கும். திறக்கும்போது மூலையில் ஏறி வளையும், மறு பட்டையில் சட்டென்று விழும். அந்த விழுகைதான் ஒலி. இப்போது கத்தியைக் கவிழ்த்து முதுகின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நல்ல கத்தியில் வில்லும் அதன் இரு பக்கத்துப் பித்தளைத் தகடுகளும் ஒரே மட்டமாக இருக்கும், நகம் எங்கும் தட்டாது. திறந்த நிலையிலும் தட்டக்கூடாது, மூடிய நிலையிலும் தட்டக்கூடாது. அப்படி அமைய வேண்டுமானால் அலகடியின் இரண்டு பட்டைகளும் ஆணியின் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருந்தாக வேண்டும். மயிரிழை பிசகினாலும் வில் ஒரு நிலையில் மேடாகவும் மறு நிலையில் பள்ளமாகவும் காட்டிக்கொடுத்துவிடும். ஷெஃபீல்டுப் பட்டறைக்காரர் இதை அரத்தையும் கண்ணையும் மட்டும் வைத்துச் செய்தார். வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த முதுகைத் தடவிப் பார்த்திருப்பார்கள்? பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் அவர் அராவினார். எனக்கு இந்தப் பொருளின் மேல் மதிப்பு பிறந்தது அந்த இடத்தில்தான்.

ஒரு கத்தியை ஒரே ஆள் செய்ததில்லை. கொல்லர் அலகை அடித்துக் கொடுப்பார். சாணைக்காரர் தீட்டுவார். மூன்றாமவர் அலகு, வில், தகடு, பிடி எல்லாவற்றையும் கோத்துக் கத்தியாக்குவார். மூன்றும் தனித்தனித் தொழில், தனித்தனிக் குடும்பங்கள். குன்றுகளிலிருந்து இறங்கும் ஷீஃப், டான், ரிவலின், லாக்ஸ்லி, போர்ட்டர் என்ற ஐந்து ஆறுகளின் நீர் சாணைச் சக்கரங்களைச் சுற்றியது. சாணைக்கல்லும் பக்கத்து மலையிலேயே கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கதையில் ஒரு மாவு ஆலைக்காரனுக்கு ஷெஃபீல்டுக் கத்தியைக் கொடுத்திருக்கிறார் என்றால் ஊரின் பெயர் அப்போதே எவ்வளவு தூரம் போயிருந்தது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், நல்ல கடிகார வில்லுக்காக எஃகை மண் மூசையில் உருக்கிச் சீராக்கும் வழியைக் கண்டார். கத்தியின் வில்லுக்கும் அலகுக்கும் அதுவே பிற்பாடு உயிரானது.

இனி அலகின் அடிக்கு வருவோம். கத்தியைத் திறந்ததும் பிடியை ஒட்டி ஒரு சிறு சதுர இடம் தெரியும். அங்கேதான் முத்திரை. கொல்லர் அலகை அடித்து முடித்த கையோடு, எஃகு சிவந்திருக்கும்போதே அதையும் நகக்குழியையும் அச்சால் அடித்து இறக்கிவிடுவார். சூட்டில் விழுந்த அடி என்பதால் முத்திரையின் ஓரங்கள் லேசாக உருண்டு, உலோகத்துக்குள் மூழ்கினாற்போல இருக்கும். குளிர்ந்தபின் அடித்த போலி முத்திரையில் ஓரம் கூர்மையாகத் துருத்தும். நல்ல உருப்பெருக்கியும் சாய்வான வெளிச்சமும் இருந்தால் இந்த வேறுபாடு தெரியும். பழகிய சேகரிப்பாளர் இதை வைத்தே ஒரு கத்தியை ஒதுக்கிவிடுவார்.

ஹாலம்ஷயர் கத்திக்கொல்லர் சங்கம் 1624-இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. யார் எந்த முத்திரை அடிக்கலாம் என்று பதிவேடு வைத்ததே அதன் பெரிய வேலை. முத்திரை சொத்தாக இருந்தது. அதைக் குத்தகைக்கு விட்டார்கள், விற்றார்கள், பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார்கள். கணவர் போனபின் மனைவி அதே முத்திரையில் பட்டறையை நடத்தியதும் உண்டு. ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் 1682-இல் பதிவானவை. ஜார்ஜ் வாஸ்டன்ஹோம் கத்திகளில் இருக்கும் 'ஐ எக்ஸ் எல்' முத்திரை 1787-ஐச் சேர்ந்தது. இரண்டும் அந்தக் குடும்பங்களின் கைக்குப் பிறகுதான் வந்தன. ஆகவே முத்திரையின் வயதைக் கத்தியின் வயதாக எடுத்துக்கொள்ள முடியாது. புதிதாகச் சேர்ப்பவர்களுக்குப் பெரியவர்கள் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

அப்படியானால் வயதை எதைக்கொண்டு சொல்வது? சின்னச் சின்னச் சாட்சிகளைச் சேர்த்துத்தான். கிரீடத்துக்கு இருபுறமும் 'வி', 'ஆர்' என்று இருந்தால் விக்டோரியா இறந்த 1901-க்கு முந்தியது என்று கொள்ளலாம். இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது, ஏனென்றால் அமெரிக்கா தன் மக்கின்லி வரிச் சட்டத்தில், இறக்குமதியாகும் பொருளில் பிறந்த நாட்டைப் பொறிக்கும்படி கேட்டது அப்போதுதான். வடிவப் பதிவு எண் இருந்தால் 1884-க்குப் பிந்தியது. துருப்பிடிக்காத எஃகு என்றால் 1913-க்கு முன் போகவே முடியாது. அந்த வருடம்தான் ஹாரி பிரேர்லி குரோமியம் கலந்த அந்த எஃகை உருக்கினார். மோஸ்லி கத்திப் பட்டறையின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் அதை வினிகரில் போட்டுப் பார்த்து, கறை ஏறாத எஃகு என்று பெயர் வைத்தார்.

இந்த வகைச் சாட்சிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை வெள்ளிப் பழக்கத்தியில் இருப்பவை. விருந்து முடிந்து பழம் வரும்போது கனவான்களும் சீமாட்டிகளும் பையிலிருந்து எடுத்த சிறு மடக்குக்கத்தி அது. அந்தக் காலத்து எஃகு, பழத்தின் புளிப்பில் கறுத்துப் பழத்துக்கும் வாடை கொடுத்தது. அதனால் அலகையே வெள்ளியில் செய்தார்கள். பிடிக்கு இரண்டு பக்கமும் முத்துச்சிப்பி. மூடினால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். சிப்பியில் வெட்டிய பூவேலை, நடுவே பெயரின் முதலெழுத்துகளுக்காக விட்ட வெள்ளிக் கவசம், முதுகு வில்லில் அரத்தால் இழைத்த கீற்றுகள் என்று கை படாத இடமே இருக்காது. சிப்பியைச் சாய்த்துப் பிடித்தால் வெண்மைக்குள் ரோஜாவும் பச்சையும் மெதுவாக நகரும். அந்த நிறம் ஓடும் திசை இரு பக்கத்திலும் ஒத்துப்போனால், ஒரே சிப்பியிலிருந்து இணைத் துண்டுகளைத் தேடி எடுத்த ஆளின் பொறுமைக்கு நாம் கைகூப்பலாம்.

வெள்ளி என்பதால் அரசு முத்திரை கட்டாயம். ஷெஃபீல்டுக்கு அந்த உரிமை 1773-இல் கிடைத்தது. ஊருக்குரிய சின்னம் கிரீடம். தரத்துக்கு நடக்கும் சிங்கம், வரி கட்டியதற்கு அரசரின் தலை, செய்தவரின் முதலெழுத்துகள், வருடத்துக்கு ஓர் எழுத்து. 1823 வரை வருட எழுத்துகள் அகரவரிசைக்குக் கட்டுப்படாமல் மனம்போல மாறின. 1824-இலிருந்துதான் வரிசைப்படி. வரிசை தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. பெரிய 'ஏ' எழுத்து 1844-க்கும் வரும், 1868-க்கும் வரும். இரண்டிலும் விக்டோரியாவின் தலை இடப்பக்கம் பார்த்திருக்கும். எப்படிப் பிரிப்பது? 1853 வரை சிறு பொருள்களில் கிரீடத்தையும் வருட எழுத்தையும் ஒரே அச்சில் சேர்த்து அடித்தார்கள், அதன்பின் தனித்தனியாக. கிரீடம் எழுத்தோடு ஒட்டியிருந்தால் 1844. விலகியிருந்தால் 1868. அரசியின் தலையே இல்லையென்றால் அந்த வரி 1890-இல் நீக்கப்பட்டதை நினைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். அரிசியளவு இடத்தில் கால் நூற்றாண்டை அளந்து பிரிக்கும் இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு நிகராக இந்தச் சேகரிப்பில் வேறு எதையும் நான் சொல்லமாட்டேன்.

பிடிகளில் நமக்கு நெருக்கமானது மான்கொம்பு. ஷெஃபீல்டுக்காரர்கள் உயர்வாக மதித்த கொம்புகளில் ஒன்று இந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறிய கடமானின் கொம்பு. குமரி மாவட்டத்தில் மிளா என்பார்களே, அதே விலங்குதான். அதன் கொம்பில் உட்சோறு குறைவு, வெளிப்பக்கம் கெட்டி. மேல் தோலின் பள்ளங்கள் கருத்தும் மேடுகள் வெளுத்தும் இருப்பதால் விரல் நழுவாது. அதைப் பிடியில் பதிக்கும்போது நடுவே உலோகக் கவசம் ஒன்றைச் சேர்ப்பார்கள். அதற்குப் பள்ளம் எடுக்க பார்சர் என்று ஒரு கருவி. எஃகு அச்சுத்தகடு ஒன்றை மேலே வைத்து, விரியும் இரட்டைக்கால் துளைப்பானை உள்ளே சுழற்றினால் அச்சின் வடிவத்திலேயே பள்ளம் விழும். பழைய கத்தியில் கவசத்தின் ஓரத்தில் வெளிச்சம் புகும் இடைவெளி இருக்காது. அதற்குக் காரணம் இந்த எளிய கருவிதான்.

ராட்ஜர்ஸ் நிறுவனம் 1851 உலகக் கண்காட்சிக்காகச் செய்த எழுபத்தைந்து அலகு நார்ஃபோக் கத்தியைப் பற்றியும், 1822-இல் ஆண்டுக்கு ஓர் அலகு என்று 1822 அலகுகளோடு செய்த ஆண்டுக்கத்தியைப் பற்றியும் எல்லாரும் பேசுகிறார்கள். வியக்கத்தான் வேண்டும். ஆனால் அவை காட்சிக்குச் செய்தவை. ஒரு தச்சனின் பையில் நாற்பது வருடம் கிடந்து, தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்தும் இன்னும் 'டக்'கென்று நிற்கிற சாதாரணக் கத்திதான் எனக்கு உயர்ந்தது.

இந்தக் கத்திகளின் மினுக்கத்துக்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். சாணைக்கல்லின் தூசி நுரையீரலில் படிந்து சாணைக்காரர்கள் இளமையிலேயே மூச்சுத் திணறி இறந்தார்கள். தண்ணீர் விடாமல் உலர்ந்த கல்லில் முட்கரண்டி தீட்டியவர்களின் நிலை எல்லாரினும் கொடியது. ஷெஃபீல்டு மருத்துவர் கால்வர்ட் ஹாலண்ட் 1843-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். கண்ணாடி போன்ற ஓர் அலகைக் கையில் எடுக்கும்போது அந்த மூச்சையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இத்தனை விவரமும் தானாக மிஞ்சவில்லை. சிலர் விடாப்பிடியாகச் சேர்த்து, கேட்டவருக்கெல்லாம் சொன்னதால் மிஞ்சியது. கருவிக்கடை நடத்திய கென் ஹாலி, பட்டறைகள் மூடப்பட்டபோது உள்ளே போய், முடிந்த பொருளோடு முடியாத பொருளையும் எடுத்துவந்தார். பாதி அடித்த அலகு, துளையிடாத தகடு, அராவாத வில் எல்லாம் இருந்தால்தான் ஒரு கத்தி எந்தப் படிகளில் உருவானது என்று பின்னால் வருபவருக்குப் புரியும் என்பதை அவர் அறிந்திருந்தார். கடைசிக் கைவினைஞர்கள் வேலை செய்வதைப் படமும் எடுத்தார். அந்தத் தொகுப்பு இப்போது ஷெஃபீல்டின் கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதினான்கு வயதில் இபர்சன் பட்டறையில் சேர்ந்த ஸ்டான் ஷா என்ற கத்திக்கொல்லரும் தம் முதுமையில் அங்கேயே வேலை செய்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அவர் 2021-இல் காலமானார். ஜெஃப்ரி ட்வீடேல் என்ற வரலாற்றாசிரியர் ஷெஃபீல்டு நிறுவனங்களைப் பெயர் பெயராகத் தேடித் தொகுத்தார். இன்றைக்குச் சேகரிப்பவர் எவரும் அவருடைய உழைப்பின் மேல்தான் நிற்கிறார்.

எஞ்சிய இடைவெளிகளைச் சேகரிப்பவர்களே ஒருவருக்கொருவர் சொல்லி நிரப்பிக்கொள்கிறார்கள். ஒருவரிடம் கத்தி இருக்கும், வேறொருவரிடம் பழைய விலைப்பட்டியல் இருக்கும், மூன்றாமவர் வணிகக் கையேட்டில் பட்டறையின் தெருவைக் கண்டுபிடிப்பார். மூன்றும் கூடினால்தான் முத்திரைக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. அலமாரிக்குள் பூட்டி வைத்து, யாருக்கும் காட்டாத கத்தியால் ஒரு வருடத்தைக்கூட நிரூபிக்க முடியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் பழைய மடக்குக்கத்தி கிடந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். துரு இருந்தால் துளி எண்ணெய் விட்டு மென்துணியால் துடையுங்கள். அலகின் அடியில் இருக்கும் முத்திரையைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள். யாருடையது, எப்படி வீட்டுக்கு வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். பிறகு, அறிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.