பாடகர் வாய் திறக்கும் முன்

பெங்களூரின் விளிம்பில், அத்திபெலேயில் சந்தாபுரா போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எஃப்எம் பாடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டின் முன்னிசை எழ, அதன்மேல் ஆர்ஜே பேச்சைத் தொடங்கினார். கன்னடத்தில் புறப்பட்டு, ஆங்கிலத்தில் திரும்பி, 'மச்சா' என்று ஒரு தமிழ் நிறுத்தத்தில் இறங்கி, சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலைக் கிண்டலடித்தார். கடைசிச் சொல் விழவும் பாடகர் குரல் எழவும் சரியாக இருந்தது. அரை நொடி பிந்தியிருந்தால் இரண்டு குரலும் முட்டியிருக்கும். "எப்படி விட்டான் பாத்தீங்களா சார்!" என்றார் ஓட்டுநர். அவருக்குத் தாய்மொழி தெலுங்காம்.

முன்னிசை ஓடும் அந்தப் பத்துப் பதினைந்து நொடிதான் அறிவிப்பாளரின் சொந்த நிலம். ஹிப்ஹாப்பின் விதைகளில் ஒன்று அங்கே விழுந்தது. 1950களில் ஃபிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் ஜாக்கோ ஹென்டர்சன் என்ற அறிவிப்பாளர் ராக்கெட்டில் பறப்பதாகப் பாவனை செய்து, எதுகையும் இயைபும் குதிக்கக் குதிக்கப் பாட்டுகளை அறிமுகம் செய்தார். இத்தகைய அமெரிக்க வானொலிப் பேச்சை இரவில் அலை பிடித்துக் கேட்டார்கள் ஜமைக்கா இளைஞர்கள். தெருவில் ஒலிபெருக்கி அடுக்கி, ஓடும் இசைமேல் தாங்களும் பேசினார்கள். அந்தத் தீவிலிருந்து வந்த கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் தங்கை வைத்த விருந்தில் இசைத்தட்டுச் சுழற்றினார். ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று இன்று கொண்டாடுவது அந்த நாளைத்தான். 1979இல் ஜாக்கோவே ஒரு ராப் இசைத்தட்டு வெளியிட்டார். பேரன் வீட்டுக்குத் தாத்தா விருந்தாளியாய்ப் போன மாதிரி.

பிறகு வானொலி கடனை வட்டியோடு வசூலித்தது. 1980களில் நியூயார்க்கின் டபிள்யூபிஎல்எஸ் நிலையத்தில் மிஸ்டர் மேஜிக்கும் மார்லி மார்லும் வார இறுதி இரவுகளை ராப்புக்குத் திறந்துவிட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் 1990 முதல் 1998 வரை ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோவும் நள்ளிரவு 1 மணிக்கு உட்கார்ந்தால் எழ விடியற்காலை 5 ஆகும். ஒப்பந்தம் கிடைக்காத பையன்கள் வந்து பாடிவிட்டுப் போவார்கள். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ராப்பர்கள் நாஸும் ஜே-ஸியும் அந்த ஒலிவாங்கி முன் நின்றவர்களே.

எனக்கு இதில் மிகப் பிடித்தது கேசட்தான். ராப் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய விரலை இடைநிறுத்தும் 'பாஸ்' பட்டன்மேல் வைத்துக் காத்திருந்த சிறுவர்கள், ஒரே தாளத் துணுக்கைத் திரும்பத் திரும்பப் பதிந்து ஒட்டி முழுப் பாட்டுக்கான அடித்தளம் கட்டினார்கள். ராப்பர் க்யூ-டிப் இசையமைக்கக் கற்றது அப்படித்தான். நாமும் அதே பட்டனில் விரல் வைத்திருந்தோம். ஆனால் ஆர்ஜே குரல் விழாமல் பாட்டு மட்டும் வேண்டும் என்று! எவ்வளவு நல்ல பேச்சையெல்லாம் வெட்டி எறிந்தோமோ.

ஒரு குரலை மட்டும் யாரும் வெட்டவில்லை. இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜா மடமடவென்று பேசுவார். அத்தனை வேகத்திலும் ஒரு ழகரம் மழுங்காது. வேகமும் தெளிவும் ஒரு நாக்கில் கூடுவது அபூர்வம். ராப்பர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுவது அதைத்தானே? அதே வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' இன்னும் நெருங்கிய சொந்தம். எதிராளி விட்ட எழுத்தில் சட்டென்று பிடித்துத் தொடங்க வேண்டும், தயங்கினால் போச்சு. பிராங்க்ஸ் தெருமுனையில் ராப்பர்கள் மோதிக்கொண்டதும் ஏறக்குறைய இதே பந்தயத்தில்தான்.

இந்தியாவின் முதல் தனியார் எஃப்எம் நிலையம் ரேடியோ சிட்டி. அது 2001 ஜூலை 3 அன்று முதலில் ஒலித்ததும் இந்தப் பெங்களூரில்தான். இந்த ஊர் வானொலியில் குறும்பு அழைப்புகளுக்காக டேனிஷ் சேட் உருவாக்கிய 'நோக்ராஜ்' என்ற அரசியல்வாதி, 2018இல் வெள்ளித்திரைக்கே வந்துவிட்டான். முகமே இல்லாமல் உச்சரிப்பை மட்டும் வைத்துச் செய்த ஆள். நாலு மொழி ஒரே டிக்கெட்டில் போகும் ஊரில் காது அவ்வளவு கூர்மையாக இருப்பதில் வியப்பில்லை.

சந்தாபுரா வந்தது. சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த பாட்டின் முன்னிசை எழுந்தது. ஓட்டுநர் நீட்டிய கையை அப்படியே நிறுத்தி, மறு கையால் சத்தத்தைக் கூட்டினார்.