எழுபது தீக்குச்சிகள்

ஜாக் லண்டன் 'டு பில்ட் எ ஃபயர்' கதையை இரண்டு முறை எழுதினார். 1902இல் 'யூத்ஸ் கம்பேனியன்' இதழில் வந்ததில் நாயகனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு. கடுங்குளிரில் மூட்டிய நெருப்பு அணைந்தும் தப்பிவிடுகிறான். தனியாகப் பயணம் போகாதே என்ற பாடத்தோடு கதை முடிகிறது. 1908இல் 'செஞ்சுரி' இதழில் வந்ததில் பெயர் போய்விட்டது, ஒரு நாய் வந்து சேர்ந்திருக்கிறது, மனிதன் சாகிறான். அமெரிக்கச் சிறுகதையில் இயல்புவாதம் எது என்று கேட்பவரிடம் இந்த இரண்டையும் கொடுத்தாலே போதும். சூழலும் பரம்பரையும் ஆட்டிவைக்கும் பொம்மை மனிதன் என்பதே இயல்புவாதம் என்று பாடநூல்கள் சொல்லும். அது நாவலுக்குப் பொருந்தலாம். 1880இல் நாவலைச் சோதனைக்கூடமாக்கச் சொன்ன பிரெஞ்சு நாவலாசிரியர் ஜோலாவுக்குத் தலைமுறைகளைப் பரப்பிக் காட்டப் பக்கங்கள் இருந்தன. சிறுகதைக்கு ஏது அவ்வளவு இடம்? அங்கே இயல்புவாதம் கோட்பாடாக அல்ல, கணக்காகவே வருகிறது என்பது என் கட்சி.

1908 கதையில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 75 டிகிரி ஃபாரன்ஹீட். கால் நனைந்தவன் ஸ்புரூஸ் மரத்தடியில் நெருப்பு மூட்டுகிறான். சுள்ளி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வசதி. ஒவ்வொரு சுள்ளியை இழுக்கும்போதும் மரம் லேசாக அதிர்கிறது. மேல்கிளைப் பனி கீழ்க்கிளையில் விழுந்து, அது அடுத்ததில் விழுந்து, கடைசியில் நெருப்பின்மேல் கொட்டுகிறது. விரல் மரத்துப்போன பின், எழுபது தீக்குச்சிகளையும் உள்ளங்கைகளுக்கிடையே சேர்த்துப் பிடித்து உரசுகிறான். சதை கருகுவது முதலில் வாசனையாகத்தான் தெரிகிறது. அனுபவப்பட்ட பெரியவர் ஒருவர் எச்சரித்தும் தனியாகப் போன முட்டாளின் கதைதானே இது என்று கேட்கலாம். 1902 கதைக்கு அந்தக் கேள்வி சரி. இரண்டாவதில் லண்டன் பாடத்தை எடுத்துவிட்டார். பனி தண்டிக்க விழவில்லை, இழுத்ததால் விழுந்தது.

வலியவன் பிழைப்பான் என்ற டார்வினிய வாய்ப்பாடுதான் இந்தக் கதைகளின் அடித்தளம் என்பது இன்னொரு வாதம். ஸ்டீபன் கிரேன் அதை 1897இலேயே கவிழ்த்துவிட்டார். அவர் பயணித்த 'கொமடோர்' கப்பல் அந்த ஜனவரியில் ஃபுளோரிடா கரையருகே மூழ்கியது; அதிலிருந்து பிறந்த 'தி ஓபன் போட்' கதையில் பத்தடிப் படகில் நால்வர். காயம்பட்ட கேப்டன் பிழைக்கிறார், நன்றாகத் துடுப்புப் போட்ட, எல்லோருக்கும் முன்னால் நீந்திப்போன எண்ணெய்க்காரன் ஆழமற்ற தண்ணீரில் குப்புறக் கிடக்கிறான்.

மனிதனுக்குப் பொறுப்பே இல்லையென்றால் குற்றம் யாருடையது என்பதுதான் கனமான ஆட்சேபம். கிரேனின் 'தி புளூ ஹோட்டல்' (1898) அதற்கு நேராகவே முகம் கொடுக்கிறது. ஸ்வீடன்காரனைக் குத்திய சூதாடிக்குக் கிடைத்தது மூன்றாண்டுச் சிறை. கொலைக்கு முன் ஒரு சீட்டாட்டத்தில் நடந்த மோசடியைப் பார்த்தும் வாய் திறக்காத கிழக்குக்காரனோ, இந்தக் கொலையில் தன்னையும் சேர்த்து ஐந்து பேருக்குப் பங்கு உண்டு என்று எண்ணிச் சொல்கிறான். பொறுப்பு ரத்தாகவில்லை, பங்கு பிரிந்திருக்கிறது. அந்த ஐவரில் ஒருவனான கௌபாய், நான் என்ன செய்தேன் என்று கோபமாகக் கேட்கிறான்.